அழிக்காமல் விட்ட கோடு

அத்தியாயம் 17

"அப்பாவுக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே. இடுப்பளவு தண்ணியில எப்படிம்மா முழுகிப் போனாரு?"

ஜோசுவா பத்து வயதில் கேட்ட கேள்வி அது. ஆம்பூரில் அவர்கள் வீட்டு வாசலில், அப்பா ஜெயசீலனின் சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால் கேட்டான். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் அக்கரை வரை நீந்திவிட்டுத் திரும்பியவர் அப்பா என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அம்மா ராஜம்மாள் அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. சுற்றி நின்ற பெரியவர்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷங்கள் போய்விட்டன.

பதில் கிடைக்காத கேள்வி ஒரு குழந்தையின் மனசில் சும்மா கிடப்பதில்லை. அது என்னவெல்லாம் செய்யும் என்பதை அவன் அக்கா ஷர்மிளா போன வியாழக்கிழமைதான் பார்த்தாள்.

ஷூ கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில், அவளோடு செக்கிங் பார்க்கும் ஹீனா போனை நீட்டிக் காட்டிய வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்புச் சட்டை, மூக்குக்குக் கீழே கறுப்புத் துணி, கையில் லாந்தர். பேய் இருக்கிற இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு கம்பெனியின் விளம்பரம் அது. அரக்கோணத்தில் ஒரு பாழடைந்த பங்களா, வேலூருக்கு வெளியே ஒரு கிணறு, கடைசியாக ஆம்பூரில் எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும், தோல் பதனிடும் டேனரி. ஜெயசீலன் வேலை பார்த்ததும் செத்ததும் அந்த டேனரியில்தான்.

"இங்கதான் ஒரு தொழிலாளி குடிச்சுட்டு டேங்குல விழுந்து செத்தான். இன்னும் அவன் ஆவி வெளிய வர வழி தேடுது..."

முகத்தை மறைத்தவன் குரலை மறைக்கவில்லை. அது ஜோசுவாவின் குரல்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவன் வீட்டுக்கே வரவில்லை. சனிக்கிழமை வந்தபோது அம்மா பக்கத்தை விட்டு நகரவில்லை. அம்மா காதில் மட்டும் இது விழக்கூடாது. ஷர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளி முளைக்கும் முன்பே ஜோசுவா வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

காலை ஆராதனையில் போதகர், "ஸ்தோத்திரம் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்" என்றார். ராஜம்மாள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துச் சமைத்துக் கருத்த கைகளைக் கூப்பினாள்.

"என் பையனுக்கு நல்ல டிராவல்ஸ் வேலை குடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சபையார் "ஆமென்" என்றார்கள். ஷர்மிளாவின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு இத்தனை கோபப்படுகிறோமே என்று ஒரு நிமிஷம் பயந்தாள். கோபம் பயத்தையும் தின்றுவிட்டது.

மதியம் ஹீனா வீட்டுக்குப் போய் ஸ்கூட்டியைக் கேட்டாள்.

"நானும் வரட்டாடி?"

"வேணாம். இது எங்க வீட்டுப் பேஜாரு."

ஹீனா சாவியோடு ஹெல்மெட்டையும் எடுத்து அவள் தலையில் மாட்டி, வாரை இறுக்கிவிட்டாள். "போட்டுக்கினு போ. கோவத்துல ஓட்டுறவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி தேவை."

டேனரி வாசலில் பாதி துருப்பிடித்த இரும்புக் கேட். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன் காசி உட்கார்ந்திருந்தார். ஜெயசீலனோடு இதே டேனரியில் தோளுக்குத் தோள் நின்று உழைத்தவர். ஜெயசீலனின் பிள்ளைகள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த தெருவில் இருந்தும், ஜெயசீலன் போனதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் படியை அவர் மிதித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு சீப்பு பழத்தைக் கொண்டுவந்து வெளியிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "பாப்பா, நீ இன்னாத்துக்கு இங்க வந்த?"

"பேய் பாக்க வந்தேன் சித்தப்பா. எத்தினி வாரமா இந்தக் கூத்து நடக்குது?"

"ஆறு வாரமா."

"உள்ள அவன் இன்னா பேசுறான்னு தெரியுமா?"

காசி தரையைப் பார்த்தார். "தெரியும்மா."

"தெரிஞ்சே கேட்டைத் திறந்து வுடுறீங்க. எங்கப்பாவை அண்ணா அண்ணான்னு கூப்ட்ட வாய்தானே இது? 'அந்த மனுஷன் குடிக்க மாட்டாருடா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலியா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போது சாலையில் வேன் ஹாரன் கேட்டது. ஷர்மிளா அவர் பதிலுக்கு நிற்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், தோல் ஊறவைக்கும் பெரிய மர டிரம் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். கல்லூரிப் பையன்கள் நாலு பேர். பேயைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஏதோ ஒன்றை நீட்டிப் பிடித்தபடி ஒரு பெண். மனைவியும் மகளுமாக ஒரு சென்னைக்காரர். மகளுக்கு எட்டு வயது இருக்கும். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

பளீரென்ற வெயிலில் லாந்தரை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தான் ஜோசுவா.

"அங்கிள், பகல்ல பேய் தூங்காதா?" என்று அந்தச் சிறுமி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோசுவாவும் துணிக்குள் சிரித்தான்.

கழிவுநீர் டேங்க் தரையோடு தரையாக இருந்தது. மேலே ஓர் ஆள் இறங்கும் அளவுக்குச் சதுரமான வாய். இப்போது அதில் சேறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு.

"இந்தக் கோட்டை நல்லா பாருங்க" என்று குரலைத் தாழ்த்தினான் ஜோசுவா. "எத்தினி தடவை அழிச்சாலும் மறுவாரம் தானா வந்துடும். குடிச்சுட்டு உள்ள விழுந்தவனோட ஆவி ராத்திரில மேல ஏறி வந்து, சுவத்தைப் பிறாண்டுற அடையாளம் இது."

கருவி பீப் பீப் என்று கத்தியது. "மச்சி, உன் போனை ஆஃப் பண்ணுடா, அதுக்குத்தான் கத்துது" என்றான் ஒரு பையன்.

சிறுமி சிரிக்கவில்லை. அந்தச் சதுர வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், செத்துப்போனவருக்குப் பாப்பா இருந்துச்சா?"

ஜோசுவாவிடம் இதற்கு வசனம் இல்லை.

"இருக்காங்கம்மா" என்று டிரம்மின் பின்னாலிருந்து வந்தாள் ஷர்மிளா. "ரெண்டு பேரு. ஒருத்தி நானு. இன்னொருத்தன் அதோ, மூஞ்சில துணி கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு."

எல்லோரும் ஜோசுவாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"செம ப்ரோ! இதுவும் ஷோவுல இருக்கா?" என்று ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

சிறுமியின் அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். "தம்பி, இது ஷோ இல்ல. வா, வெளிய போலாம்." ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மற்றவர்களையும் கேட்டின் பக்கம் திருப்பினாள். அந்த அம்மாள் யாரோ, எந்த ஊரோ. அவள் மட்டும் அங்கே இல்லாவிட்டால், அன்று சாயங்காலமே அந்தக் குடும்பத்தின் மானம் ஆயிரம் போன்களில் ஓடியிருக்கும்.

அவர்கள் வெளியே போனதும் ஷர்மிளா அவன் முகத்துணியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கப்பாவைக் குடிகாரன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா தைரியம்டா?"

"நான் பேரைச் சொல்லலியேக்கா."

"பேரு எதுக்கு? இந்த டேங்குல செத்தது ஊர்ல எத்தினி பேரு? அவரு நாக்குல சாராயம் பட்டதை நீ பாத்தியா? அம்மா இன்னிக்குக் கோயில்ல எழுந்து நின்னு உன் வேலைக்கு ஸ்தோத்திரம் சொல்லிச்சுடா. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கிலாம்னு இருந்துச்சு!"

"கத்தாதக்கா."

"கத்துவேன்! இந்தச் சுவரெல்லாம் கேக்கட்டும். நீ சொன்னதையெல்லாம் ஆறு வாரமா கேட்டுச்சு இல்ல?"

இப்போது ஜோசுவாவும் கத்தினான்.

"குடிச்சாருன்னு நானா சொன்னேன்? டேனரி மேனேஜர் எழுதிக் குடுத்தாரு. ஊரே சொல்லிச்சு. ஸ்கூல்ல பசங்க சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து உங்க ரெண்டு பேரையும் கேட்டேனா இல்லியா? 'அப்படி இல்லடா'ன்னு சொன்னீங்களே தவிர, எப்படின்னு சொன்னீங்களா? நீச்சல் தெரிஞ்ச மனுஷன் இடுப்பளவு தண்ணியில எப்படிச் செத்தாருன்னு யாராவது எனக்குச் சொன்னீங்களா? நீங்க யாரும் சொல்லல. அதனால நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன். இப்ப வந்து அது தப்புன்றியா?"

ஷர்மிளாவுக்கும் அது தெரியாது. அவளுக்கும் யாரும் சொன்னதில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. சுவரைக் காட்டினாள்.

"இந்தக் கோடு? இதுவும் உன் கதையா?"

"அது முன்னாடியே இருந்துச்சு. மங்கிப் போயிருந்தது. நான்தான் வாராவாரம் சுண்ணாம்பை வெச்சு இழுத்து வுடுறேன். ஜனங்க போட்டோ எடுக்கறதுக்கு."

பின்னால் ஏதோ விழுந்தது. காசியின் கையிலிருந்த சாவிக்கொத்து. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நீயா இழுத்த?" என்றார். "வாராவாரம் புதுசா இருக்கே, இவனுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் என்னைக் குத்திக் காட்டுறான்னு நெனச்சேன்டா. எனக்கு இந்தத் தண்டனை வேணும்னுதான் வாயை மூடிக்கிட்டு கேட்டைத் தொறந்தேன். ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"இன்னா தெரியணும்?"

"அது உங்கப்பன் உசுரைக் குடிச்ச கோடுடா."

அண்ணனைப் பற்றிப் பேசுவதற்காகவோ என்னவோ, காசி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார்.

"டேங்குல இறங்கிச் சேறு வாரணும்னா, மொத நாளே மூடியைத் தொறந்து வெச்சிடுவோம். உள்ள இருக்கற விஷக்காத்து போவணும். தொறந்தவன் சுவத்துல சுண்ணாம்பால ஒரு கோடு இழுப்பான். எங்கள்ல பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால கோடு. கோடு இருந்தா இறங்கலாம். நடுவுல எவனாவது மூடினா, மூடினவன் கோட்டை அழிச்சிடணும். அதான் இங்க வழக்கம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு வெளிநாட்டுலேர்ந்து தோல் வாங்கறவங்க வந்தாங்க. நாத்தம் தெரியக் கூடாதுன்னு மேனேஜர் காலையிலயே மூடச் சொன்னாரு. நான்தான் மூடினேன். சந்து வழியாவும் வரக்கூடாதுன்னு மேல ஈரத்தோலைப் போட்டு அமுக்கினேன். கோட்டை அழிக்க ஈரத்துணியை எடுத்தேன். கையில எடுத்துட்டேன்டா. அதுக்குள்ள 'காசி, அவங்களுக்கு எளநி கொண்டா'ன்னு கூப்ட்டாங்க. ஓடிட்டேன்."

அவர் டேங்கின் வாயைக் குனிந்து பார்த்தார்.

"மூடி இருந்த நேரத்துல உள்ள விஷக்காத்து மறுபடி கூடிடுச்சு. மத்தியானம் வேற யாரோ மூடியைத் தள்ளியிருக்காங்க. அண்ணன் வந்தாரு. கோட்டைப் பாத்தாரு. கோட்டை நம்பி இறங்கிட்டாரு. சத்தம் கேட்டு நானும் குதிச்சேன். பாதியிலயே மயங்கிட்டேன். என்னை மட்டும் தூக்கிட்டாங்க. அவரைக் கொன்னது தண்ணி இல்லப்பா, காத்து. நீச்சல் தெரிஞ்சு இன்னா பண்றது?"

பதினோரு வருஷம் கழித்து ஒரு குழந்தையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

ஜோசுவா தன் வலது கையைப் பார்த்தான். அன்று விடியும் முன்பே சுவரேறி உள்ளே வந்து இழுத்த கோட்டின் சுண்ணாம்பு, விரல் இடுக்கில் இன்னும் காய்ந்திருந்தது. சட்டையில் துடைத்தான். கறுப்புச் சட்டையில் வெள்ளையாகப் பட்டது. மறுபடி துடைத்தான். இன்னும் பரவியது. வேனை நோக்கி ஓடினான்.

"ஜோசுவா!"

அவன் திரும்பவில்லை.

ஷர்மிளா காசியின் பக்கம் திரும்பினாள். "அவரு குடிச்சாருன்னு மேனேஜர் எழுதினப்பவும் வாயைத் தொறக்கலியா நீங்க?"

"பயந்துட்டேன்மா."

"பதினோரு வருஷமாவா பயம்?"

"ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கே அண்ணி கால்ல விழுந்து எல்லாத்தையும் சொன்னேன். அண்ணிக்குத் தெரியும்மா."

அவரை மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டே வந்தது.

ராஜம்மாள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காசி சித்தப்பா உன்கிட்ட சொன்னாராமே. கோட்டை அழிக்க மறந்ததை."

கீரைக் காம்பு கையிலேயே நின்றது. இந்த நாள் வரும் என்று தெரிந்தவள்போல அம்மா மெதுவாக நிமிர்ந்தாள்.

"சொன்னான். வளர்ற பிள்ளைங்க மனசுல ஒரு மனுஷனை வெறுக்க வெச்சு வளக்கக் கூடாதுன்னு நான்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். அவனும் குதிச்சான்டி, உங்கப்பாவைக் காப்பாத்த. அவனுக்கும் பிள்ளைங்க இருந்துச்சு."

"நீ மன்னிச்சது உன் பங்கும்மா. எங்க பங்கையும் சேத்து மன்னிக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா? நீ மூடி வெச்சதால ஜோசுவா எங்க போய் நின்னான் தெரியுமா? அப்பாவைக் குடிகாரப் பேயாக்கி, வேன் வேனா ஆளுங்களைக் கூட்டிக்கினு வந்து காட்டிக்கிட்டு நிக்கிறான்!"

சொல்லக்கூடாது என்று நாலு நாளாகக் காத்துவந்தது, ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

ராஜம்மாள் அழவில்லை. கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள். அன்பினால்தான் மூடினாள். ஆனால் எதை மூடினாலும், மூடியவர்கள் பொய்யாகிப்போன அடையாளத்தை அழித்துவிட வேண்டுமே. அவளும் அதை அழிக்காமல் விட்டுவிட்டாள்.

"தப்புதான்" என்றாள். "அவரு குடிக்கலன்னு மட்டுமாவது நான் கோயில்ல எழுந்து நின்னு சொல்லியிருக்கணும். அவனைக் கூப்டு. நானே என் வாயால சொல்றேன்."

ஜோசுவாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்தரை மணிக்கு ஷர்மிளாவின் போன் அடித்தது. வேன் கம்பெனிக்காரர்.

"ஏம்மா, உங்க தம்பி எங்க? ஆளுங்களைக் காட்பாடி ஸ்டேஷன்ல ஒழுங்கா எறக்கி வுட்டுட்டான். வேன் சாவியை டீக்கடையில குடுத்துட்டு, கறுப்புச் சட்டையைக் கழட்டி சீட்டு மேல போட்டுட்டு, பனியனோட எந்த ரயில்லயோ ஏறிட்டானாம். வர்ற சனிக்கிழமை நாப்பது பேரு புக்கிங். நான் இன்னா பண்றது?"

ஷர்மிளா போனை வைத்தாள். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பையில் காசுகூட இருந்ததோ இல்லையோ. எந்த ரயில்? எந்த ஊர்?

வெயில் இறங்கும் அதே நேரத்தில், டேனரி கேட்டை உள்பக்கமாகப் பூட்டினார் காசி. குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டார். ஒரு பழைய துணியை நனைத்துப் பிழிந்தார். டேங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சாலையில் ஆள் இல்லை. டிரம்கள் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள்கூடப் போய்விட்டிருந்தன.

மேலே இருந்த இன்றைய சுண்ணாம்பு சீக்கிரம் போய்விட்டது. அடியில் இருந்த பழைய கோடு செங்கல்லுக்குள் ஊறியிருந்தது. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். வாளித் தண்ணீர் மூன்று முறை வெள்ளையானது, மூன்று முறை மாற்றினார். நாலாவது வாளியில் தண்ணீர் தெளிவாக நின்றது. சுவர் வெறும் சுவராக இருந்தது.

பிறகு டேங்கின் இரும்பு மூடியை இழுத்து வந்து வாயின் மேல் போட்டு மூடினார். குனிந்து, அதன் மேல் கையை வைத்தார். பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"சீலண்ணா, மூடிட்டேன். இறங்காதீங்க."